அரை மில்லிமீட்டர்

நண்பர் ஒருவர் கலாபகஸ் தீவுகளுக்குப் போய்விட்டு வந்தார். அமெரிக்காவில் இருக்கும் மகன் கூட்டிப்போனானாம். பதினாறு பேர் மட்டும் போகும் சின்னக் கப்பல், ஏழு நாள், தலைக்கு எத்தனை லட்சம் என்பதை மனைவிக்குத் தெரியாமல் என் காதில் மட்டும் சொன்னார். இரண்டாயிரத்துச் சொச்சம் போட்டோக்கள். கூடவே கப்பலில் கொடுத்த ஒரு பட்டியல். பார்க்க வேண்டிய பிராணிகளின் பெயர்கள், பக்கத்தில் டிக் அடிக்க ஒரு சின்னக் கட்டம். ராட்சத ஆமை, டிக். கடல் இகுவானா, டிக். நீலக்கால் பூபி, டிக். டார்வின் ஃபின்ச், டிக்.

“எந்த ஃபின்ச்? அதில் பத்துப் பதினைந்து வகை உண்டே?” என்றேன்.

“ஏதோ ஒண்ணு ஸார். பழுப்பா, குருவி மாதிரி இருந்துச்சு. கைடு சொன்னார், டிக் பண்ணிட்டேன்.”

சிரிக்காதீர்கள். டார்வினும் ஏறக்குறைய இதைத்தான் செய்தார்.

நம்பிக்கை இல்லையென்றால் அவருடைய ‘தி வாயேஜ் ஆஃப் தி பீகிள்’ புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். முதல் பதிப்பு 1839. திருத்திய பதிப்பு 1845. கடல் பயண நூல்களில் இன்றைக்கும் அலுக்காமல் படிக்க முடிகிற ஒன்று. பீகிளும் சின்னக் கப்பல்தான். தொண்ணூறு அடி நீளம், அதில் எழுபதுக்கு மேற்பட்ட ஆட்கள். 1835 செப்டம்பரில் கலாபகஸை அடைந்தபோது டார்வினுக்கு வயது 26. ஐந்து வாரம் அந்தத் தீவுகளைச் சுற்றினார்.

அங்கே அவர் செய்த காரியங்களை இன்று செய்தால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இப்போது எந்தப் பிராணியிடமிருந்தும் இரண்டு மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். டார்வினோ ஆமை மேல் ஏறிச் சவாரி போகிறார், விழுகிறார். மரக்கிளையில் இருந்த பருந்தைத் துப்பாக்கி முனையால் நெட்டித் தள்ளுகிறார். ஓர் இகுவானாவைக் கடல் நீரில் தூக்கிப் போடுகிறார். அது கரைக்குத் திரும்பி வருகிறது. மறுபடி போடுகிறார். மறுபடி வருகிறது. ஏன் தப்பித்துப் போகாமல் நம்மிடமே வருகிறது என்று உட்கார்ந்து யோசிக்கிறார். கரையில் அதற்கு எதிரி கிடையாது, கடலில் சுறா உண்டு. அதனால் பயந்தால் கரைக்கு வா என்பதே அதன் சுபாவம் ஆகிவிட்டது போலும் என்கிறார். குறும்புக்காரப் பையன் விஞ்ஞானியாக மாறும் கணம் இது. புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம்.

ஆனால் முக்கியமான விஷயத்தைக் கோட்டைவிட்டார். அந்தத் தீவுகளைக் கவனித்துக்கொண்டிருந்த லாசன் என்ற அதிகாரி, ஆமை ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவு என்று சொல்லிவிடுவேன் என்றார். பரிணாமத்தின் சாவியை வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. டார்வின் அதைப் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. கப்பலில் ஏற்றிய ஆமைகளை எல்லோருமாகச் சாப்பிட்டார்கள். ஓடுகள் கடலுக்குப் போயின. இன்று உலகமே அவர் பெயரால் அழைக்கும் ஃபின்ச்களில் பலவற்றை, எந்தத் தீவில் பிடித்தது என்று குறிக்காமலே மூட்டை கட்டிவிட்டார். மாக்கிங்பேர்ட் பறவைகளுக்கு மட்டும் சீட்டு ஒழுங்காக இருந்தது.

லண்டன் திரும்பிய பிறகு, 1837-ல் ஜான் கூல்ட் என்ற பறவை நிபுணர் அவற்றைப் பார்த்தார். நீங்கள் வெவ்வேறு குடும்பம் என்று நினைத்த பறவைகள் எல்லாமே ஃபின்ச்தான், ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம் என்றார். டார்வினுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். கேப்டன் ஃபிட்ஸ்ராயும், தன்னுடைய வேலையாள் கவிங்டனும் சேகரித்த பறவைகளில் தீவின் பெயர் இருந்ததால், அவற்றைக் கடன் வாங்கித் தப்பித்தார். உதவியாள் ஒழுங்காகச் சீட்டு ஒட்டியதால் எஜமானர் பிழைத்த கதை.

இங்கேதான் அந்தப் புத்தகத்தின் பெருமை இருக்கிறது. இரண்டு தீவுகளின் சரக்கைக் கலந்துவிட்டேன், லாசன் சொன்னதை முதலில் கவனிக்கவில்லை என்று அவரே அச்சில் ஒப்புக்கொள்கிறார். 1845 பதிப்பில், ஒரே பறவை பல தேவைகளுக்காக மாறியிருக்குமோ என்று பட்டும் படாமலும் ஒரு குறிப்பைச் சேர்க்கிறார். 1859-ல் வெடிக்கப்போகும் குண்டின் திரி அது. ஐந்து வாரம் பார்த்ததைப் புரிந்துகொள்ளப் பல வருஷம் ஆகியிருக்கிறது.

இதோடு நம் ஏழு நாள் கப்பலை வைத்துப் பாருங்கள். அதன் விதிகளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நூறு பயணிகளுக்கு மேல் கப்பலில் கூடாது, பதினாறு பேருக்கு ஒரு கைடு, போன இடத்துக்கே அதே கப்பல் இரண்டு வாரத்துக்குள் திரும்ப வரக்கூடாது. எல்லாம் நியாயமானவை. 2024 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டுக்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் நூறு டாலரிலிருந்து இருநூறாகிவிட்டது. அதுவும் சரியே, காவலுக்குப் பணம் வேண்டும்.

என் புகார் விளம்பரத் தாளின் மேல்தான். ‘மனிதக் கை படாத இயற்கை’ என்கிறார்கள். படாத கையா? கொள்ளைக்காரர்களும் திமிங்கல வேட்டைக்காரர்களும் தின்று தீர்த்த ஆமைகள் லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். எஸ்பனோலா தீவில் 14 ஆமைகள் மட்டுமே மிஞ்சின. அவற்றைப் பிடித்து வந்து, முட்டையிடவைத்து, குஞ்சுகளை வளர்த்து, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆமைகளைத் திருப்பி விட்டு, 2020-ல்தான் அந்த வேலையை முடித்தார்கள். பின்ட்டா தீவின் கடைசி ஆமை ‘லோன்ஸம் ஜார்ஜ்’ ஜோடி கிடைக்காமலே 2012-ல் செத்துப்போனது. ஆமைகளின் தீனியை மேய்ந்த ஆடுகளை ஒழிக்க, 1997-லிருந்து 2006 வரை, ஒன்றரை லட்சம் ஆடுகளைச் சுட்டார்கள், பெரும்பாலும் ஹெலிகாப்டரிலிருந்து. கழுத்தில் ரேடியோ மாட்டிய ஆட்டை அவிழ்த்துவிட்டால் அது தன் கூட்டத்தைத் தேடிப் போகும். பின்னாலேயே துப்பாக்கி போகும். நண்பர் டிக் அடித்த ஆமைக்குப் பின்னால் இவ்வளவு ரத்தமும் வேர்வையும் இருக்கிறது. இதைச் சொன்னால் சுவாரஸ்யம் கூடுமே தவிரக் குறையாது. ஏன் மறைக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

விளம்பரத் தாளை முதலில் கிண்டலடித்தவர் கர்ட் வானகட். 1985-ல் வந்த ‘கலாபகஸ்’ நாவலின் ஆரம்பமே ‘நூற்றாண்டின் இயற்கைப் பயணம்’ என்று பிரமாதமாக விளம்பரம் செய்யப்பட்ட கப்பல் பயணம்தான். பிரபலங்கள் வருவதாக ஏற்பாடு. அதற்குள் உலகப் பொருளாதாரம் படுத்துவிடுகிறது. எஞ்சிய நாலைந்து பேரும் சில ஆதிவாசிச் சிறுமிகளும் திசை தெரியாத கேப்டனோடு புறப்பட்டு ஒரு கற்பனைத் தீவில் தரை தட்டுகிறார்கள். வெளியுலகில் மனித இனம் அழிய, இவர்களின் வாரிசுகள் பத்து லட்சம் வருஷத்தில் ரோமமும் துடுப்பும் முளைத்து, மூளை சிறுத்து, மீன் பிடித்துச் சந்தோஷமாக வாழ்கிறார்கள். மனிதனின் எல்லாத் துன்பத்துக்கும் அவனுடைய பெரிய மூளைதான் காரணம் என்பது கதை சொல்லும் ஆவியின் கட்சி. ஆமாம், ஆவிதான்.

சாகப்போகிறவர்களின் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறார். முதலில் சிரிப்பு வரும், போகப் போக வயிற்றைக் கலக்கும். மாண்டராக்ஸ் என்று ஒரு கையடக்கக் கருவி வருகிறது. மொழி பெயர்க்கும், வியாதி சொல்லும், பொன்மொழி உதிர்க்கும். கரையேற வழி மட்டும் சொல்லாது. உங்கள் சட்டைப் பையில் இப்போது இருப்பதுதான். குறை என்றால், பாதி நாவல் குவயாகில் ஹோட்டலிலேயே கிடக்கிறது. ‘பெரிய மூளை’ ஜோக்கைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பிராணிகளை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமே.

பிராணிகள் வேண்டுமென்றால் ஜானதன் வைனர் எழுதிய ‘தி பீக் ஆஃப் தி ஃபின்ச்’ (1994, புலிட்சர் பரிசு) படியுங்கள். டாஃப்னே மேஜர் என்பது கடலில் கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி ஒரு குட்டி எரிமலைத் தீவு. பீட்டர் கிரான்ட், ரோஸ்மேரி கிரான்ட் தம்பதி 1973-லிருந்து நாற்பது வருஷம் போல அங்கே வருஷா வருஷம் கூடாரம் போட்டு, ஃபின்ச்களைப் பிடித்து, அலகை அளந்து, காலில் வளையம் மாட்டி விட்டார்கள். 1977-ல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்தன. மிஞ்சியது நம் நெருஞ்சிக்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு செடியின் முள் விதை. அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஃபின்ச்கள் செத்தன. பிழைத்தவற்றின் அலகு சராசரியாக எவ்வளவு தடிமன் கூடுதல் தெரியுமா? அரை மில்லிமீட்டர். வாழ்வா சாவா என்பது அதில் இருந்தது. சில வருஷம் கழித்து எல் நினோ மழை கொட்ட, கணக்கு தலைகீழானது. சின்ன அலகுக்கு யோகம்.

ரொம்ப மெதுவாக நடப்பது, கண்ணால் பார்க்க முடியாது என்று டார்வின் நினைத்ததை இவர்கள் கையில் காலிப்பருடன் பார்த்துவிட்டார்கள். வைனர் சில இடங்களில் நிருபர் உற்சாகத்தில் கொஞ்சம் கூவுகிறார். மன்னித்துவிடலாம். ஒரே இடத்தை ஒருவர் திரும்பத் திரும்பப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கலாபகஸுக்குப் போகும் வசதி உள்ளவர்கள் தாராளமாகப் போங்கள். பட்டியலை மட்டும் அறையிலேயே வைத்துவிட்டு, ஒரே ஓர் இகுவானா முன்னால் அரை மணி நேரம் உட்காருங்கள். இரண்டு மீட்டர் தள்ளித்தான். போக முடியாதவர்கள் மூன்று புத்தகங்களையும் படியுங்கள். செலவு கப்பல் டிக்கெட்டில் ஒரு வேளை காபிக்குக்கூட ஆகாது.

வைனரின் புத்தகத்தை நண்பருக்கும் கொடுத்தேன். நாலு நாள் கழித்து ராத்திரி போன் பண்ணினார். குரல் கம்மியிருந்தது.

“அந்த டாஃப்னே... எங்க கப்பல் அதைச் சுத்திட்டுத்தான் போச்சு ஸார்.”

“பார்த்தீங்களா?”

“இல்லை. வெறும் பாறைன்னு சொன்னாங்க. நான் உள்ளே போட்டோ எல்லாம் லேப்டாப்புல ஏத்திக்கிட்டு இருந்தேன்.”