நூலும் மண்ணும்: ஃபலஸ்தீனக் கலையை வாசித்தல்

விசைத்தறிகளின் ஓசைக்குப் பழகிய ஊர் சங்கரன்கோவில். இங்கே துணி என்பது உழைப்பும் கூலியும் கடனும் கலந்த ஒன்று. நூலின் அருமை அறிந்த இத்தகைய ஊரிலிருந்து நோக்கும்போது, ஃபலஸ்தீனக் கலையில் நாம் போதிய அளவு கவனிக்காது விட்ட ஒரு பக்கம் புலப்படுகிறது.

ஃபலஸ்தீனம் தமிழுக்குப் பெரிதும் கவிதையின் வழியாகவே வந்தது. ஈழத்துத் திறனாய்வாளர் எம்.ஏ. நுஃமான் 1981இல் மொழிபெயர்த்து வெளியிட்ட ‘பலஸ்தீனக் கவிதைகள்’ அவ்வகையில் பெருந்தொண்டு. ஆயினும் காலப்போக்கில், ஃபலஸ்தீனக் கலை என்றாலே முழக்கம் அல்லது புலம்பல் என்று கொள்ளும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அக்கலை எதைச் சொல்கிறது என்று கேட்டோம். எதனால் ஆக்கப்பட்டது என்று கேட்கத் தவறினோம்.

‘தத்ரீஸ்’ எனப்படும் பூத்தையலை எடுத்துக்கொள்வோம். ஃபலஸ்தீனப் பெண்டிரின் அங்கியில் அமைந்த கோலமும் நிறமும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டன. ஆடையைக் கொண்டே அணிந்தவளின் ஊரை அறிய இயன்றது. 1948இன் நக்பாவில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். 400க்கும் மேற்பட்ட கிராமங்கள் அழிந்தன. ஆனால் அக்கிராமங்களின் கோலங்கள் அகதி முகாம்களில் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றன. 1987 டிசம்பரில் தொடங்கிய முதல் இன்திஃபாதாவின்போது, கொடி தடை செய்யப்பட்டிருந்த நிலையில், அதன் நிறங்களைப் பெண்கள் தம் அங்கியிலேயே தைத்துக்கொண்டனர். இக்கலையை யுனெஸ்கோ 2021இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நிறத்துக்கு அஞ்சிய ஆட்சியை ஓவியர்களும் கண்டனர். 1980இல் ரமல்லாவின் ‘கேலரி 79’ மூடப்பட்டது. கொடியின் நிறங்களில் எதை வரைந்தாலும், அது தர்பூசணியே ஆனாலும், பறிமுதல் செய்வோம் என்று இராணுவ அதிகாரி ஒருவர் சொன்னதை ஓவியர் சுலைமான் மன்சூர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

மன்சூரின் புகழ்பெற்ற ஓவியம் 1973இல் வரையப்பட்ட ‘சுமைகளின் ஒட்டகம்’. முதியவர் ஒருவர் குத்ஸ் நகரையே முதுகில் சுமந்து நிற்கிறார். சுவரொட்டியாகி எண்ணற்ற இல்லங்களை அடைந்த படம் அது. எனினும் அது காண்போரின் இரக்கத்தோடு நின்றுவிடக் கூடும் என்பதே என் கருத்து. அதனினும் ஆழமானவை அவருடைய பிற்காலப் படைப்புகள். 1987இல் அவரும் வேரா தமாரி, நபீல் அனானி, தைசீர் பரகாத் ஆகியோரும் ‘புதிய பார்வைகள்’ என்னும் குழுவை அமைத்தனர். இஸ்ரேலிய வண்ணப் பொருள்களைப் புறக்கணித்து மண், மருதாணி, தோல் ஆகியவற்றைக் கையாண்டனர். மண் காய்ந்து வெடித்தது. அவ்வெடிப்பை மன்சூர் குறையெனக் கருதாமல் படைப்பின் அங்கமாக ஏற்றார். 1990களில் அவர் மண்ணால் ஆக்கிய ‘நான் இஸ்மாயீல்’ வரிசையைக் காணும் முஸ்லிம் வாசகருக்கு, நீரற்ற பள்ளத்தாக்கில் விடப்பட்ட அன்னை ஹாஜரும் குழந்தை இஸ்மாயீல் (அலை) அவர்களும் நினைவுக்கு வராதிருக்க முடியாது. இங்கே நிலம் ஓவியத்தின் பொருளாக மட்டுமன்றி ஓவியத்தின் உடலாகவும் ஆகிறது.

கலை குண்டைத் தடுக்குமா என்று வினவுவோர் உண்டு. தடுக்காது. காஸாவின் ஓவியர் ஹிபா ஸகூத் 2023 அக்டோபரில் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். அவருடைய பிள்ளைகளில் இருவர் அவருடன் மாண்டனர். ஆயினும், அங்கே ஒரு மக்கள் இனமே இருந்ததில்லை என்னும் பொய்க்கு எதிரான சாட்சியத்தைக் கலை தருகிறது. இன்ன ஊர், இன்ன கோலம், இன்ன மண் என்று துல்லியமாகத் தருவதால்தான் அச்சாட்சியம் வலுப்பெறுகிறது. வெறும் முழக்கத்தால் இது இயலாது.

அல்-கலீல் நகரில் 1961இல் தொடங்கப்பட்ட ஹிர்பாவி ஆலை, கட்டமிட்ட கூஃபிய்யா துணியை நெய்துவருகிறது. 1990களில் மலிவான வெளிநாட்டுச் சரக்கு அதன் தறிகளைப் பெருமளவு முடக்கியது. அந்த வேதனையைச் சங்கரன்கோவில் நெசவாளிக்கு விளக்கத் தேவையில்லை. ஃபலஸ்தீனத்தின்பால் அன்பு கொண்டு கூஃபிய்யாவைத் தோளில் இடும் நாம், அது எந்தத் தறியில் நெய்யப்பட்டது என்று ஒருமுறையேனும் கேட்க வேண்டும். அக்கலையை மதிப்பது அக்கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.