சூரியனுக்கு மட்டும் ஒரு வாசல்

அயர்லாந்து போய்வந்தேன் என்று யாராவது சொன்னால் போதும், "நியூகிரேஞ்ச் பார்த்தீர்களா?" என்று பிடித்துக்கொள்கிறேன். பார்க்கவில்லை என்றால் அவர்கள் பாடு திண்டாட்டம்தான். அப்படியொரு பைத்தியம் பிடித்திருக்கிறது எனக்கு!

டப்ளினுக்கு வடக்கே, பாய்ன் ஆற்றங்கரை மேட்டில் இருக்கிற கற்காலக் கல்லறை அது. கட்டியது கி.மு. 3200 வாக்கில், கீசாவின் பெரிய பிரமிடுக்கே பல நூற்றாண்டு மூத்தது. ஏறக்குறைய 85 மீட்டர் அகலத்துக்குக் கல்லும் மண்ணும் குவித்து, சுற்றிலும் 97 பெருங்கற்களை அணைகொடுத்திருக்கிறார்கள். உலோகக் கருவி ஒன்றுகூடக் கிடையாது.

வாசலை மறித்துக் கிடக்கிறது ஒரு கல். வாசலில் போட்ட கோலம் மாதிரி அதன்மேல் சுழிகள். ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது கிளம்புகிறது. கல்லால் கல்லைக் கொத்தி இத்தனை குழைவா!

உள்ளே 19 மீட்டர் இடைவழி. குனிந்தும் தோளைக் குறுக்கியும் போய் அறைக்குள் நிமிர்ந்தால், தலைக்கு மேலே ஆறு மீட்டர் உயரத்துக்குக் கூரை! கற்பலகைகளை வரிசை வரிசையாக உள்நோக்கி நீட்டி அடுக்கி, உச்சியை ஒரு கல்லால் மூடியிருக்கிறார்கள். சாந்து இல்லை, ஆனாலும் 5,000 ஆண்டு மழைக்கு ஒழுகவில்லை. இடுக்குகளில் சுட்ட மண்ணும் மணலும் திணித்து, பலகைகளின் மேற்புறத்தில் நீர் வடியக் காடி வெட்டிய கெட்டிக்காரர்கள் அவர்கள்.

வழிகாட்டி விளக்கை அணைத்தார். கும்மிருட்டு. பிறகு ஒரு மஞ்சள் ஒளிக்கீற்று தரையோடு ஊர்ந்து வந்தது. மின்விளக்கால் காட்டுகிற ஒத்திகைதான், ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிசம்பர் 21ஐ ஒட்டிய சில விடியல்களில் உண்மையான சூரியனே இப்படி வந்து 17 நிமிடம் நிற்கிறது. 1967இல் தொல்லியலாளர் மைக்கேல் ஓ'கெல்லி உள்ளே காத்திருந்து இதைக் கண்டார். இடைவழி மேடேறிப் போவதால் வாசல் வழியே வரும் வெயில் அறையை எட்டாது. அதற்காகவே வாசலுக்கு மேலே தனியாக ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள்!

என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. வாசலை அந்தக் காலத்தில் கற்பலகையால் அடைத்து வைத்திருந்தார்கள். மனிதர் நுழைய முடியாது. மேல் திறப்பு வழியாக ஒளி நுழையலாம். உள்ளே இருந்தவை இறந்தவர்களின் எலும்புகள், சில எரியூட்டியவை, சில எரியூட்டாதவை. சுற்றுக்கற்கள் சிலவற்றில் குவியலைப் பார்த்த பின்பக்கத்திலும் செதுக்கியிருக்கிறார்கள்; கட்டி முடித்தபின் எந்தக் கண்ணுக்கும் அது படாது. சுழிகளுக்குச் சூரியன், ஆறு, மறுபிறப்பு என்று ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள். எனக்கு அந்த மறைந்த பக்கங்களே பேசுகின்றன. கலை என்றால் பார்வையாளர் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். இதைக் கட்டியவர்களுக்கு அது இறந்தவருக்குச் செய்கிற கடமை என்றே எனக்குப் படுகிறது. பாராட்ட ஆளில்லாத இடத்திலும் கை சோம்பவில்லை.

முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். உள்ளே ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள். அந்த டிசம்பர் விடியலுக்கு மட்டும் குலுக்கல். நீங்களும் பெயர் கொடுங்கள். சீட்டு மட்டும் முதலில் எனக்கு விழட்டும்!