மூலையில் கிடக்கும் கணினி ரூட்டர் ஆகுமா?

புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் கடைவீதியில் ஜெராக்ஸ் கடையோ இ-சேவை மையமோ நடத்துகிறவரிடம் பழைய கணினி ஒன்றாவது மிஞ்சிக் கிடக்கும். இரண்டாவது லேன் கார்டைச் செருகி, பிஎஃப்சென்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் ரூட்டர் தயார், தனிப் பெட்டிக்கு எதற்குக் காசு என்று கேட்பவர்கள் உண்டு. வரலாறும் அவர்கள் பக்கம்தான். 1969இல் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் தரவுப் பாக்கெட்டுகளைக் கைமாற்றிவிட்டது ஹனிவெல் டிடிபி-516 என்ற சிறுகணினி. 1986இல் அமெரிக்காவின் என்எஸ்எஃப்நெட் வலையமைப்பு தொடங்கியபோதும் டேவிட் மில்ஸின் நிரல் ஓடிய பிடிபி-11 கணினிகளே அந்த வேலையைப் பார்த்தன.

வேகத்தைக் காட்டி இதை மறுப்பது வீண். ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாகவே வந்தால் நொடிக்கு ஏறக்குறைய 14.88 லட்சம் வரும். அதற்கென்றே செய்த தனிச் சில்லு அதைச் சளைக்காமல் தள்ளும், பழைய கணினி திணறும். ஆனால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் பட்டா எடுக்கவும் யூடியூப் பார்க்கவும் அந்தக் கணினியே தாராளம். எந்த மேசைக்கு எவ்வளவு வேகம், எந்தத் தளத்தைத் தடுப்பது என்பதெல்லாம் நம் கையில் இருக்கும். மலிவுப் பெட்டிகளில் பல, வாங்கிய நாளின் மென்பொருளோடே ஆயுளை முடித்துக்கொள்கின்றன. இங்கே புதுப்பிப்புகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு விதிவிலக்கு: பிஎஃப்சென்ஸ் 2017இல் வந்த 2.4 பதிப்போடு 32 பிட் கணினிகளைக் கைவிட்டுவிட்டது. ரொம்பப் பழசு உதவாது.

உண்மையான இடி கரண்டில் இருக்கிறது. 60 வாட் இழுக்கும் கணினி இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதியை அது ஒன்றே தின்றுவிடும். 8 வாட் பெட்டிக்கு 12 யூனிட்கூட ஆகாது. 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தை நாள்கணக்கில் இருட்டில் தள்ளியது. அப்படிப்பட்ட நேரத்தில் சின்ன பேட்டரியிலும் பல மணி நேரம் தாக்குப்பிடிப்பது எது என்று சொல்லத் தேவையில்லை.

தேனியில் இந்தக் கரண்ட் சிக்கலை ஊன்றிப் பார்த்திருக்கிறார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றியுள்ள பரிசோதனை மையங்களையும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொலைதூர வைஃபையால் இணைத்தார்கள். ரூட்டராக வைத்தது லினக்ஸ் ஓடும் சிறு கணினிப் பலகைகள். 2008இல் வெளியான அவர்களின் கட்டுரை, கோளாறுகளுக்குப் பெருங்காரணம் மின்சாரத்தின் தரக்குறைவே என்றது. வோல்டேஜ் தாழ்ந்தால் சேமிப்பு அட்டையில் உள்ளதே சிதைந்தது. அதில் எதுவும் எழுத முடியாதபடி பூட்டி, வோல்டேஜ் தாழ்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுற்றையும் சேர்க்கவேண்டி வந்தது. சுழலும் ஹார்ட் டிஸ்க் இல்லாத பலகைக்கே இந்தப் பாடு.

கடைக் கணினிக்கு வேறொரு தொல்லை. கரண்ட் வந்ததும் தானாக எழும்படி பயாஸ் என்ற தொடக்க நிரலில் அமைத்திருப்பார்கள். அதைக் காக்கும் சிமாஸ் என்ற சிறு பேட்டரி தீர்ந்தால் அந்த அமைப்பு அழியும். பல கணினிகள் எஃப்1 பொத்தானை அழுத்தச் சொல்லி அப்படியே நிற்கும். திரையும் கீபோர்டும் மாட்டாத பெட்டிக்குள் என்ன நடக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அமைத்துக்கொடுத்த பையனோ திருச்சியிலோ சென்னையிலோ வேலையில் இருப்பான்.

ஆகவே வீட்டுக்கு இது வேண்டாம். வாடிக்கையாளர்கள் அமரும் மையம், பள்ளி ஆய்வகம் போன்ற இடங்களில், விஷயம் தெரிந்த ஒருவர் கூடவே இருந்தால் வைக்கலாம். அப்போதும் அவசரத்துக்கு ஆயிரத்துச் சொச்ச ரூபாய்ப் பெட்டி ஒன்றை அமைத்துத் தயாராக வைத்திருப்பதே புத்தி. அதையும் வாங்கிய பிறகு காசு மிச்சம் என்று யாரும் பேச முடியாது.