காற்றில் வந்த கவிதையும் தோட்டப்பள்ளிக் குழந்தையும் – பெ. தூரனின் குழந்தைப் பணி பற்றிய ஓர் ஆய்வு

குழந்தை முதலில் அறிவது எழுத்தை அன்று, ஓசையையே அறிகிறது. தாலாட்டைக் கேட்டுக் கண்மூடும் பிள்ளைக்கு அதன் பொருள் விளங்குவதில்லை. ஆயினும் தாயின் குரல் எங்கே ஏறும், எங்கே இறங்கும், எங்கே நின்று மூச்சு வாங்கும் என்பது அதற்குத் தெரியும். பள்ளிக்கு வருமுன்பே தமிழ்ப் பாட்டின் நடையைச் செவியால் ஓரளவு கற்றுக்கொண்டுதான் பிள்ளை வருகிறது. இவ்வுண்மையை உணராது எழுதப்பெறும் குழந்தைப் பாடல்கள், எதுகையும் மோனையும் பிழையற அமைந்தும், பிள்ளைகளின் நாவில் நிற்பதில்லை. உணர்ந்து எழுதியவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் பெரியசாமித் தூரன்.

தூரனைத் தமிழாசிரியர்கள் பல வகையால் அறிவர். கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் என்பர் சிலர். இசையரங்குக்கு வந்து போகிறவர்கள் அவரைக் கீர்த்தனை ஆசிரியராக அறிவர். சிறுவர் நூல்களின் ஆசிரியராகவும் நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்தவராகவும் அறிவோர் வேறு சிலர். இவற்றை வெவ்வேறு துறைகளாகப் பிரித்துப் பேசுவதே வழக்கமாகிவிட்டது. குழந்தை எழுத்தாளராகிய தூரனையும் நாட்டுப்பாடலைக் கேட்ட தூரனையும் இருவராகக் கொள்ளலாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. முன்னவருக்குத் தமிழ் நடையைக் கற்பித்தது பின்னவரின் செவி.

வாழ்வும் பணியும்

தூரன் 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் ஈரோட்டுப் பகுதியில் மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டுவலசு என்னும் சிற்றூரில் உழவர் குடியில் பிறந்தார். சென்னையில் பயின்றபோது, 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட செய்தி கேட்டு மனம் வெதும்பி, இறுதித் தேர்வை எழுதாமலே விட்டார். பின்னர்க் கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் தி. சு. அவினாசிலிங்கம் நிறுவிய இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பணியாற்றினார். தேர்வைத் துறந்த ஒருவர் பல்லாண்டுகள் மாணவரைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியப் பணியை ஏற்றபின் அவர் வாழ்நாளின் பெரும்பகுதி அதிலேயே கழிந்தது. 1954இல் முதல் தொகுதி வெளிவந்தது; இணைப்புத் தொகுதியாகிய பத்தாவது 1968இல் வந்தது. அவ்வாண்டே அவருக்குப் பத்மபூஷண் விருதும் கிடைத்தது. அறுபதை எட்டிய பெரியவர் அத்துடன் ஓய்ந்திருக்கலாம்; ஓயவில்லை. 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியம் என்னும் பெயரில் இன்னும் பத்துத் தொகுதிகளை வெளியிட்டார். பெரியவர்களுக்குக் கொடுத்ததைப் பிள்ளைகளுக்கும் கொடுத்த பின்னரே அவர் மனம் அமைந்தது போலும். 1987 சனவரி 20ஆம் நாள் அவர் மறைந்தார்.

இதனிடையே ஏறத்தாழ 600 இசைப்பாடல்கள் இயற்றினார். தமிழ் இசைச் சங்கம் 1972இல் அவருக்கு இசைப்பேரறிஞர் பட்டம் அளித்தது. பாரதியாரின் எழுத்துகளைத் தேடித் தொகுத்துப் பாரதி தமிழ் என்னும் நூலை அளித்தார். குழந்தை உள்ளம் முதலிய உளவியல் நூல்களை எளிய தமிழில் எழுதினார். இவ்வளவு சுமைக்கும் நடுவே சிறுவர் கதை எழுதவும் நேரம் கண்டார்.

கேட்ட செவி

தூரனின் நாட்டுப்பாடல் நூலுக்குக் காற்றில் வந்த கவிதை என்பது பெயர். அப்பெயரே ஒரு கொள்கையைச் சொல்கிறது. இன்னார் எழுதினார் என்ற முத்திரை அக்கவிதைக்கு இல்லை, ஏடும் இல்லை. வயலிலும் கிணற்று மேட்டிலும் பாடியவர் குரல் காற்றில் மிதந்து வர, செவியுடையவன் அதைப் பிடித்துக்கொள்கிறான்.

நாட்டுப்பாடல்களைத் தொகுத்தோர் தமிழில் பலர் உண்டு. பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் மலையருவி என்ற பெயரில் 1958இல் பதிப்பித்தார். நா. வானமாமலையின் தமிழர் நாட்டுப் பாடல்கள் 1964இல் வந்தது. வானமாமலை பாட்டைச் சமுதாய வரலாற்றுச் சான்றாக ஆராய்ந்தார். தூரன் சென்ற வழி வேறு. அவர் பாட்டைச் சுவைத்தார். அது பிறந்த சூழலைத் தம் உரைநடையால் நம் கண்முன் நிறுத்தினார். நாற்று நடுகிற பெண்ணின் கேலியும் பிள்ளை இல்லாதவளின் ஏக்கமும் அவருக்குப் புள்ளிவிவரம் அல்ல. அவை கவிதை.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. பாட்டைத் தனியே நிற்கவிடாமல் விளக்கம் சூழ்ந்துகொள்கிறது. ஆராய்ச்சியாளன் தேடுவது பாடியவர் யார், எவ்வூர், எப்பொழுது என்னும் குறிப்புகளை. சுவைஞன் தருவதோ தன் உள்ளக் கிளர்ச்சியை. அன்றியும், அச்சில் ஏறிய நாட்டுப்பாடல் எதுவாயினும் பாதி உயிரை இழந்தே ஏறுகிறது. சொல் வந்து சேர்கிறது. மெட்டு வழியிலேயே நின்றுவிடுகிறது. இசை வல்லவராகிய தூரனுக்கு இவ்விழப்பு தெரியாமல் இருந்திராது. அவர் தாமே பாட்டியற்றும்போது அதை ஈடுசெய்ய முயன்றார் எனலாம். காவடி எடுத்து நடப்போர் பாடிய மெட்டை அண்ணாமலை ரெட்டியார் இலக்கியமாக்கினார். அம்மெட்டில் தூரனும் முருகன் மீது பாடினார். அது இன்றும் இசையரங்குகளில் ஒலிக்கிறது. வீதியில் பிறந்தது மேடை ஏறியது.

குழந்தை நூல்கள்

இச்செவியோடுதான் அவர் குழந்தைகளுக்கு எழுத அமர்ந்தார். பாரதியாரின் பாப்பாப் பாட்டும் கவிமணியின் பாடல்களும் முன்னரே வழி திறந்திருந்தன. அழ. வள்ளியப்பாவின் மலரும் உள்ளம் 1944இல் வெளிவந்தது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. அக்காலத்தே பாடல் துறையில் வள்ளியப்பாவுக்கு நிகர் அவரே. தூரனும் மழலை அமுதம் போன்ற பாட்டு நூல்கள் தந்தாரெனினும், அவர் தனித்து நின்றது கதையில் என்றே சொல்ல வேண்டும்.

அவர் தம் கதைகளுக்கு இட்ட பெயர்களைப் பாருங்கள்: கொல்லிமலைக் குள்ளன், தரங்கம்பாடித் தங்கப் புதையல், மாயக்கள்ளன், ஓலைக்கிளி, சூரப்புலி. வாயில் உருட்டிப் பார்க்கத் தூண்டும் பெயர்கள் இவை. முதலிரண்டிலும் மோனை துள்ளுகிறது. நாட்டுப்பாடலிலும் விடுகதையிலும் விளையாட்டுப் பாட்டிலும் பழகிய ஓசை அது. குழந்தை நூலைத் திறக்குமுன்பே பெயரைப் பாடிவிடுகிறது.

மற்றொன்று, நிலம். கொல்லிமலை சங்க நூல்களில் வல்வில் ஓரியின் மலை. கொல்லிப்பாவை நின்ற மலை. தரங்கம்பாடி 1620 முதல் டேனியர் கோட்டை கொண்டிருந்த கடற்கரை. மேல்நாட்டுச் சிறுவர் கதைகளின் பெயரில்லாத் தீவுகளை அவர் நாடவில்லை. தமிழ்ப் பிள்ளை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய இடங்களையே வியப்பின் களமாக்கினார். சூரப்புலியிலோ நாய் ஒன்றையே கதைத் தலைவனாக்கிவிட்டார். நாட்டுக்கதை கேட்டு வளர்ந்தவருக்கு விலங்கைத் தலைவனாக்கத் தயக்கம் இராது.

குறையும் உண்டு. தலைமையாசிரியர் சில வேளை கதைசொல்லியின் தோளைத் தட்டுகிறார். ஓட்டம் நிற்கிறது, அறிவுரை நுழைகிறது. குழந்தைகளுக்கு எழுதும் ஆசிரியர் எவரும் இதற்குத் தப்பியதில்லை. எனினும் தூரன் செவியை நம்பி எழுதிய இடங்கள் ஒளிர்கின்றன. கடமையை நினைத்து எழுதிய இடங்கள் மங்குகின்றன. குழந்தை இலக்கியம் படைப்போர் இவ்வேறுபாட்டை ஊன்றிக் காணல் வேண்டும்.

அங்கேரி நாட்டிலும் இதற்கு ஒப்பான பணி நிகழ்ந்தது. சோல்தான் கோடாய் என்னும் இசையறிஞர் (1882–1967) பேலா பார்ட்டோக்குடன் சிற்றூர் தோறும் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டினார். அவர் அவற்றை ஆராய்ச்சி ஏட்டில் அடைத்துவிடவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் இசைக்கல்விக்கு அவற்றையே அடித்தளமாக்கினார். தூரன் தனி மனிதராக எழுத்தில் செய்ததை அந்நாடு பள்ளிக்கூடத்தில் செய்தது. தமிழ்ப் பள்ளிகள் இன்னும் செய்யவில்லை.

தேயிலை மலையில்

இவ்வாராய்ச்சியால் கேமரன் மலைத் தோட்டப்பள்ளிக்கு ஆவது என்ன என்று கேட்கலாம். உண்டு. 1929இல் போ தோட்டம் தொடங்கிய நாள்முதல் இம்மலையில் கொழுந்து பறிக்க வந்தவருள் தமிழர் மிகப் பலர். அவர்கள் பெட்டியில் கொண்டு வந்தது சிறிது. நாவில் கொண்டு வந்தது பெரிது. நாற்று நடவும் ஏற்றம் இறைக்கவும் பிறந்த மெட்டுகள், நாற்றும் ஏற்றமும் இல்லாத மலைக்கு வந்தன. மெட்டு நின்றது, சொல் மாறியது. கங்காணியும் துரையும் கொழுந்துக் கூடையும் பாட்டுக்குள் புகுந்தனர். ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவந்த தாயின் துயரும் புகுந்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் பாடல்களுக்கு ஒரு சி. வி. வேலுப்பிள்ளை கிடைத்தார், அவர் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் நூலாயிற்று. மலேசியாவில் தோட்டப்பள்ளி ஆசிரியராய் இருந்து குழந்தைப் பாடல்கள் எழுதிய முரசு நெடுமாறன், 1997இல் மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்தளித்தார். இவ்வாறு வழிகாட்டிகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு செவி தேவை.

காலம் குறுகியது. இன்று பறிப்பில் பெரும்பகுதி அயல்நாட்டுத் தொழிலாளரின் கையில் இருக்கிறது. விரலால் கிள்ளிய இடத்தில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. இயந்திர இரைச்சலில் எவரும் பாடுவதில்லை, பாடினாலும் கேட்பதில்லை. தமிழ்க் குடும்பங்கள் பல பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. தோட்டப்பள்ளிகளில் பிள்ளைகள் தொகை சுருங்கியது. பாடத் தெரிந்த பாட்டிமார் ஒவ்வொருவராக மறைகின்றனர். ஒரு பாட்டி மறைந்தால் ஒரு நூலகம் எரிந்தது என்று பெருங்கூற்றாகச் சொல்ல வேண்டுவதில்லை. ஒரு தாலாட்டு போயிற்று என்றாலே போதும்; அதை மீட்டுத் தர எந்த நூலகத்தாலும் இயலாது.

ஆசிரியர் செய்யக்கூடியது கடினமானதன்று. மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் கேட்டலும் பேச்சுமே முதலில் நிற்கின்றன. வாசிப்பும் எழுத்தும் அவற்றின் பின்னரே வருகின்றன. அவ்வரிசை பொருளுடையது. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஒரு பாட்டு, ஒரு விடுகதை, ஒரு கதை கேட்டு வரட்டும். இன்று கைபேசியே குரலைப் பிடித்து வைக்கிறது. தூரனுக்கு வாய்க்காத வசதி அது. பாடியவர் பெயர், பிறந்த ஊர், எவ்வேலையின்போது பாடியது என்னும் மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். தூரன் விட்ட குறை இதனால் நிறையும். பின்னர் வகுப்பில் அம்மெட்டைப் பாடி, அதே மெட்டுக்குப் பிள்ளைகளே தம் சொற்களைக் கோத்துப் பார்க்கலாம். வழுக்கும் மலைப்பாதையும் விடியற்காலை மூடுபனியும் ரிங்லெட் சந்தையும் அப்போது தாமே தமிழ்ப் பாட்டுக்குள் வரும்.

கொல்லிமலைக் குள்ளனைப் படிக்கும் கேமரன் மலைப் பிள்ளைக்கு மலை புதிதன்று, கொல்லியே புதிது. பிரிஞ்சாங் மலையைக் களமாக்கி அப்பிள்ளைக்கு ஒரு கதை எழுதப்படுமா? எழுதப்படுமாயின், இம்மலையின் குரலைக் கேட்ட ஒருவராலேயே எழுதப்படும். அவர் இன்று ஏதோ ஒரு தோட்டப்பள்ளியில், கால்கள் தரையைத் தொடாத நாற்காலியில், எழுதக் கற்றுக்கொண்டு அமர்ந்திருக்கக்கூடும். அவருக்குக் கேட்கவும் கற்பிப்பது ஆசிரியர் கடன்.