அப்பா கையில் இருந்த உளி

மலேசியாவின் சிரம்பான், ரந்தாவ், பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் அப்பாவை நினைத்தால், அவர் கையிலிருந்த உளியும் கூடவே நினைவுக்கு வரும்.

விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு முடிந்து, நெற்றி விளக்கோடு மர நிரையில் இறங்கிவிடுவார். வெயில் ஏறினால் பட்டைக்குள் நீரழுத்தம் குறைந்து பால் சீக்கிரம் நின்றுவிடும். அதனால்தான் அந்த அவசரம். முதலில் வெட்டுக்கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுப்பார். பிறகு உளியின் மடிந்த நுனியை இடப்பக்க மேட்டில் பதித்து, மரத்தைச் சுற்றிக் கால் நகர்த்தியபடியே வலப்பக்கச் சரிவுக்கு இழுப்பார். சீவல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்தான். கொஞ்சம் ஆழம் போனால் பட்டைக்கு அடியில் வளரும் படலம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக முளைக்கும். ஆழம் குறைந்தால் பால் குறையும். அரை இருட்டில், கொசுக்கடியில், ஒரே காலையில் நூற்றுக்கணக்கான மரங்கள்! இதை வெறும் உடலுழைப்பு என்று சொல்வது அநியாயம்.

மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்தவர், 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி. அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அந்த முறையை மரம் மரமாக, நாள் தவறாமல் செய்துகாட்டியவர்கள் நம் அப்பாக்களும் அம்மாக்களும்.

 

ரப்பர் நின்ற பல தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. அந்த உளி வீட்டில் இருந்தால் துருப்பிடிக்க விடாதீர்கள். அப்பா இருந்தால், சீவும் விதத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லிப் படம்பிடித்து வையுங்கள்.