கூப்பர் பிளாக்: பருத்த எழுத்தின் நளினம்

தடித்த எழுத்து என்றாலே அதட்டும். ‘கூப்பர் பிளாக்’ என்ற ஆங்கில எழுத்துரு மட்டும் விதிவிலக்கு. விமானத்தின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு எழுதினாலும் அதில் மிரட்டல் வராது. ஈஸிஜெட் நிறுவனம் தன் பெயரை இந்த எழுத்தில் எழுதிக்கொண்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற அச்செழுத்து வார்ப்பகம் இதை 1922இல் வெளியிட்டது. வரைந்தவர் ஆஸ்வால்ட் கூப்பர். விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்து பிழைத்தவர். இந்த எழுத்துருவில் அந்தக் கை தெரிகிறது. எழுத்தின் கோடு முடியும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு காலைத்தான் செரிஃப் என்கிறோம். போதோனி எழுத்துருவில் அது மெல்லிசான, விறைப்பான கோடு. கூப்பரிலோ தண்டோடு கரைந்து, அடியிலும் உருண்டு முடிகிறது. ஆங்கில ‘ஓ’வின் உள்வெளியைப் பாருங்கள்: நேராக நிற்காமல் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பட்டைமுனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதிய காலத்தின் மிச்சம் அது. ஊறிய கொண்டைக்கடலை எவ்வளவு பருத்தாலும் மூக்கை இழப்பதில்லை. கூப்பரும் அந்தப் பேனாவை இழக்கவில்லை. வெறுமனே ஊதிப் பெருக்கிய எழுத்துகளில் இந்தச் சாய்வு இருக்காது. அவை சீக்கிரம் அலுத்துப்போகும்.

விற்பனை பிய்த்துக்கொண்டு போனதும் போட்டிக்கு நகல்கள் கிளம்பின. மோனோடைப் நிறுவனத்துக்காக ‘கவுடி ஹெவிஃபேஸ்’ வரைந்த ஃபிரெடரிக் கவுடி, கூப்பருக்கு எழுத்து வரையக் கற்றுக்கொடுத்தவர். குரு சீடனைப் பின்தொடர்ந்த வேடிக்கை!

கூப்பர் பிளாக்கின் இரண்டாம் வாழ்வு அறுபதுகளில் தொடங்கியது. ஈய எழுத்தில் ஒவ்வொன்றும் தனிக்கட்டை. கட்டையைச் செதுக்காமல் அடுத்ததோடு நெருக்க முடியாது. எழுத்துகளை ஒளிப்பட முறையில் கோக்கும் ஒளியச்சுக் கோப்பு அந்தத் தடையை நீக்கியது. பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) இசைத்தட்டு உறையில் பச்சைப் பட்டையின்மேல் இந்த எழுத்துகள் தோளோடு தோள் உரசி நிற்கும். கீழே, அக்குழுவினர் ஆடுகளுக்குத் தீனி கொடுக்கும் படம். அதன் மேல் வேறெந்த எழுத்தும் இத்தனை இணக்கமாக உட்கார்ந்திருக்குமா என்பது சந்தேகமே. எழுபதுகளில் சூடேற்றி ஒட்டும் எழுத்தாக டி-ஷர்ட்டுகளில் ஏறியது. பிறகு சித்திரக்கதையின் கார்ஃபீல்ட் பூனைக்கும் பெயர்ப்பலகை ஆனது.

பயன்படுத்துவோருக்கு என் யோசனை: இரண்டு மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆங்கில ‘இ’, ‘ஏ’ ஆகியவற்றின் கண்கள் மிகச் சிறியவை. சிறிய அளவில் மை அடைத்துக்கொள்ளும். பத்தி முழுக்க இதில் கோத்தால் படிக்க மூச்சுமுட்டும். முழுக்கப் பெரிய எழுத்துகளில் அமைத்தால் பாதி அழகு போய்விடும், ஏனெனில் குழைவெல்லாம் சின்ன எழுத்துகளில்தான். துக்கச் செய்திக்கு இதைத் தொடவே வேண்டாம்.

1925இல் ‘கூப்பர் ஹைலைட்’ என்றொரு வடிவமும் வந்தது. ஒளி பட்டு மினுங்குவதுபோல் ஒவ்வொரு எழுத்திலும் ஒரு வெள்ளைக் கீற்று. எனக்கு அது தேவையற்ற ஒப்பனையாகவே படுகிறது. கீற்று இல்லாமலே அந்த எழுத்துகள் திரண்டுதான் தெரிகின்றன.