இரட்சணிய யாத்திரிகத்தில் காலந்தாழ்த்தாமை

ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894ஆம் ஆண்டு நூலுருவம் பெற்றது. அதற்கு முன்னர்ப் பதின்மூன்று ஆண்டுகள் 'நற்போதகம்' என்னும் திங்களிதழில் அது தொடர்ந்து வெளிவந்தது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உருவக நூலைத் தழுவி, ஐந்து பருவங்களும் 3766 பாடல்களும் உடைய காப்பியமாக அது விரிந்துள்ளது. அதன் விருத்த நடையில் கம்பரின் சாயலைக் கண்டு, ஆசிரியரைக் 'கிறித்தவக் கம்பர்' எனப் போற்றுவர். அப்புகழ் பொருந்துவதே. எனினும் அதனின்று வினா ஒன்று எழுகின்றது.

பனியனின் நூல் ஓட்டத்தில் தொடங்குவது. அழிவுநகரை விட்டு வெளியேறும் தலைமகன், மனைவி மக்கள் அழைக்கும் குரல் கேளாதவாறு விரல்களால் செவிகளை அடைத்துக்கொண்டு ஓடுகின்றான். இறைவன் அருள் அழைக்குங்கால் ஒரு கணமும் தாழ்த்தலாகாது என்பதே அந்நூலின் முதற் பாடம். காப்பியமோ நின்று நிதானித்துச் செல்லும் இயல்பினது. வருணனையும் உரையாடலும் துதியும் அதன் நடையை மெதுவாக்குவன. விரைவைக் கற்பிக்கும் பொருள் மெல்ல நடக்கும் வடிவத்தில் அமைதல் கூடுமோ என்பது நாம் ஆராயத்தக்கது.

முதற்கண், அந்நூல் கூறும் விரைவு யாது எனத் தெளிதல் வேண்டும். தலைமகனுடன் புறப்படும் நெகிழ்மனத்தான் ஒருவன் இன்னும் விரைந்து செல்வோம் எனத் தூண்டுகின்றான். முதுகிற் சுமையுடைய தலைமகனால் அவ்வாறு விரைய இயலவில்லை. ஆயினும் முதற் சேற்றில் விழுந்தவுடன் வீடு திரும்புகின்றவன் அவ்விரைவாளனே. மெல்ல நடந்தவனே கரையேறுகின்றான். எனவே உள்ளக் கிளர்ச்சியின் வேகம் ஒன்று. அருளுக்கு இணங்கும் விரைவு மற்றொன்று. தொலைவிலுள்ள வாயில் தெரிகின்றதா எனத் தலைமகனை வினவியபோது, தெரியவில்லை என்கின்றான். ஒளி தெரிகின்றதா என வினவியபோது, தெரிவதுபோல் தோன்றுகின்றது என்கின்றான். அவ்வளவே அறிந்து அவன் புறப்படுகின்றான். முழுவதும் தெளிந்தபின் செல்வோம் எனக் காத்திராது, தெளிந்த அளவிற்கு உடனே அடியெடுத்து வைத்தலே காலந்தாழ்த்தாமை என்க. அதற்கு மாறாக, மலைச்சாரற் பந்தரில் அவன் உறங்கியபோது கையிலிருந்த சுருள் நழுவுகின்றது. அதனைத் தேடி நடந்த வழியே மீண்டும் நடக்க நேர்கின்றது.

இனி, தாழ்த்தாதே என்னும் அறிவுரை தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் அறன்வலியுறுத்தலும் நாலடியாரின் நிலையாமை அதிகாரங்களும் அதனை வற்புறுத்துவன. ஆங்குக் காட்டப்படும் காரணங்களுள் தலையாயது, செல்வமும் இளமையும் யாக்கையும் நில்லாமையாகும். பனியனின் தலைமகனும் நகர் எரியும் என்னும் அச்சத்தாலேயே முதலில் ஓடுகின்றான். கிருஷ்ண பிள்ளையின் தனித்திறம் இவ்விடத்தே புலனாகின்றது. முதனூலில் இயேசு பெருமானின் பாடுகள் விரிவாகக் கூறப்படவில்லை. இவரோ குமார பருவத்தில் இரட்சணிய சரித படலம் அமைத்து, அப்பெருமான் ஏளனத்தையும் அடியையும் வாய் திறவாது ஏற்ற வரலாற்றைக் கற்பார் உருகப் பாடுகின்றார். இச்சேர்க்கையைக் கதைப்போக்கிற்குத் தடையெனக் கருதுவார் உளர். நம் கருத்து வேறு. அழிவை அஞ்சி ஓடுபவன் அச்சம் தணிந்ததும் நிற்பான். தன்பொருட்டுத் துன்புற்றவரை அறிந்து செல்பவனுக்கோ நிற்றற்குக் காரணம் இல்லை. விரைவின் காரணத்தை அச்சத்தினின்று அன்பிற்கு மாற்றவே கவிஞர் கதையை ஈண்டு நிறுத்தினார் எனலாம்.

இடையிடையே அமைந்த தேவாரப் பதிகங்களும் இவ்வாறே கொள்ளத்தக்கன. துதிக்க நிற்பது பயணத்தை ஒத்திவைப்பதன்று. அருளுக்கு அப்பொழுதே தரும் மறுமொழியாகும். கவிஞர் பிறந்து வளர்ந்த வைணவ மரபும் சரணாகதிக்கு இடமும் காலமும் வரையறுப்பதில்லை. பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசன பூஷணம் இதனைத் தெளிவுறக் கூறும். நல்வேளை பார்த்தல் வேண்டா என்னும் அவ்வுணர்வு புதிய சமயத்திலும் அவர்க்குத் துணைநின்றிருத்தல் கூடும்.

கவிஞரின் வாழ்வை நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழலாம். 1853இல் சாயர்புரத்தில் கிறித்தவர் நடத்திய பள்ளியில் தமிழாசிரியரானவர், 1858இல்தான் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். இடைப்பட்ட ஐந்தாண்டுகள் தாழ்த்தலாகாவோ? இதற்கு விடை காண, அச்சென்னையின் மயிலாப்பூரில் சாந்தோம் ஆலயம் நினைவுறுத்தும் தோமாவின் வரலாறு உதவும். மற்றைச் சீடர் சான்று கூறியும் அவர் எட்டு நாள் நம்பாதிருந்தார். ஆனால் பெருமான் எதிரே நின்று, காயங்களைத் தொட்டுப்பார் என்றபோது, தொட்டதாக யோவான் நற்செய்தி கூறவில்லை. உடனே அறிக்கையிட்டதாகவே கூறுகின்றது. ஐயுற்று ஆராய்தல் ஒன்று. ஐயம் அகன்றபின்னும் நாள் கடத்தல் மற்றொன்று. குற்றமாவது பின்னதே. குடும்பமும் சாதியும் ஒருசேரப் பகைக்கும் அக்காலத்தில், தெளிந்தபின் தயங்கியிருப்பதற்குக் காரணங்கள் பல இருந்தன. அவற்றைக் கடந்து முப்பது அகவை அளவில் அவர் திருமுழுக்குப் பெற்றமை கருதத்தக்கது.

ஆதலின் இக்காப்பியத்தின் மென்னடை அதன் பொருளுக்குப் பகையன்று. ஆராய்தற்கும் உருகுதற்கும் வேண்டிய காலத்தை அது கற்பவர்க்கு அளிக்கின்றது. தெளிந்தபின் தயங்குதற்கு மட்டும் இடந்தருவதில்லை. வடிவின் அழகை வியக்கும் திறனாய்வு இதனையும் உடன் காணுதல் வேண்டும்.